வெள்ளைப் பத்துச் சதம்

என் கணவருக்குக் காசுப் பைத்தியம். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடுகிறார்கள். சம்பளக் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் கையில் தந்துவிடும் மனிதர் அவர். எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான் என்ற நிலைக்கு வந்துவிட்ட காசுகள்தான் அவருக்கு உயிர். தேய்ந்து போன ஒல்லாந்தர் காசு ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு ஆறும், கறி ஆறும், நான் மட்டும் சூடாவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் இருந்தோம். மகள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவர் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் வேலை பார்த்தார். நான் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். யுத்த காலம். வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்த கடதாசியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருந்தோம். பாண் வாங்கக் கீழே இறங்கினாலும் அடையாள அட்டை கையில் இருக்கும். இதையெல்லாம் எழுதுகிற கையோடு இன்னொன்றையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்: அந்த வருடங்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். யன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது, பின்னேரத்தில் காற்று வந்தது, சண்டை பிடிக்க ஓர் ஆள் எனக்கு இருந்தார்.

சனிக்கிழமைகளில் இவருக்கு அரைநாள் வேலை. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரமாட்டார். கொட்டாஞ்சேனையில் ஆணி, பூட்டு, பெயின்ற் விற்கும் ஒரு கடைக்குப் போவார். அந்தக் கடைக்காரர் முஸ்லிம், இவரைவிட இரண்டொரு வயது மூத்தவர். நாங்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்போம். கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய காசுகளை எல்லாம் இவருக்காக ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருப்பார் நானா. இருவரும் அந்த டின்னைக் கவிழ்த்துக் கிளறுவார்கள், தேத்தண்ணீர் குடிப்பார்கள், உலகத்தைத் திருத்துவார்கள். பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு பூட்டோ ஒரு கொளுக்கியோ வாங்கிக்கொண்டு இவர் வந்து சேருவார். எங்கள் வீட்டில் பூட்டுகள் பதினாறு இருந்தன. கதவுகள் நான்கு.

ஒரு சனிக்கிழமை பூட்டு இல்லாமல் வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே மேசையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பஞ்சு வைத்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார்.

"இஞ்சரும், இதைப் பாரும். தொடாதையும், பாரும்."

உள்ளே ஒரு பத்துச் சதம் இருந்தது. விளிம்பு நேராக இல்லாமல் அலை அலையாக வளைந்த பத்துச் சதம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது, இங்கிலாந்து அரசரின் தலை போட்டது. அந்தக் காசு எனக்கும் தெரியும். என் சிறு வயதில் கடையில் இனிப்பு வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் கண்ட அலை விளிம்புப் பத்துச் சதங்கள் எல்லாம் மஞ்சள். இது சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது.

"நிறம் மாறியிருக்கு. அதுக்கென்ன?" என்றேன்.

அதுக்கென்ன என்று நான் கேட்டதற்கு ஒன்றரை மணித்தியாலம் பதில் வந்தது. சுருக்கிச் சொல்கிறேன். போருக்கு முன்பு எங்கள் பத்துச் சதம் வட்டமானது, வெள்ளியில் அடித்தது. போர் வந்ததும் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. அதனால் பித்தளை போன்ற ஒரு கலப்பு உலோகத்தில், வட்டத்தைவிட்டு அலை விளிம்போடு புதிய காசு அடித்தார்கள். உலகம் முழுக்க அப்போது இதே பாடுதானாம். எந்த உலோகம் சரிவரும் என்று தெரியாமல் நாணயசாலைகள் துத்தநாகத்தில் அடித்துப் பார்த்தன, இரும்பில் அடித்துப் பார்த்தன, அலுமினியத்தில் பார்த்தன. அமெரிக்காவில் கண்ணாடியில்கூட அடித்துப் பார்த்தார்களாம். இப்படிச் சோதனைக்காக ஒன்றிரண்டு மட்டும் அடிக்கும் காசை மாதிரிக் காசு என்பார்கள். அது கடைக்கு வராது, சந்தைக்கு வராது. அதிகாரிகள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அதோடு சரி. தப்பித்தவறி ஒன்று வெளியே வந்தால் சேகரிப்பவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள்.

"அப்ப இது மாதிரிக் காசு எண்டுறியளோ?"

"வேற என்னவா இருக்கேலும்? அலை விளிம்பில வெள்ளைக் காசு எந்தப் புத்தகத்திலயும் இல்லை. நான் எல்லாம் பாத்திட்டன்."

"ஆற்றை காசு?"

அது நானாவின் மூத்த சகோதரியின் காசு. அவரை நானா ராத்தா என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே சொன்னோம். கணவர் காலமான பிறகு ராத்தா தம்பியோடுதான் இருந்தார், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில். தையல் பெட்டிக்குள் பொத்தான்களோடு இந்தக் காசு கிடந்ததை நானா தற்செயலாகக் கண்டு, என் கணவருக்குக் காட்டக் கேட்டிருக்கிறார். ராத்தா தயங்கித்தான் கொடுத்தாராம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: போகிறது போலவே திரும்பி வரவேண்டும். இவர் நானாவின் கையைப் பிடித்து, அப்படியே கொண்டுவந்து தருவேன், ஒரு மாதம் போதும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் மூன்று பேர் வாழ்ந்தோம். நான், இவர், அந்தக் காசு. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், ஒட்டவில்லை. ஆகவே இரும்பு இல்லை. செட்டியார் தெருவில் தெரிந்த ஒரு நகைப் பத்தரிடம் கொண்டுபோய் நிறுத்தார். வழக்கமான மஞ்சள் பத்துச் சதத்தைவிட ஒரு மயிரிழை பாரம் கூட. "ஒருக்கால் கல்லில உரைச்சால் இப்பவே சொல்லிப்போடுவன்" என்று பத்தர் கையை நீட்டியதும் இவர் காசைப் பறித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். காசு சேகரிப்பவர்களின் சட்டம் அது. கீறக்கூடாது, உரசக்கூடாது, விரலால் முகத்தைத் தொடக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழுவக்கூடாது. அழுக்கும் காசின் வயதில் ஒரு பங்காம். கழுவிய காசைச் சேகரிப்பவன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டானாம்.

நான் கணக்கு ரீச்சர். "தண்ணிக்குள்ள தொங்கவிட்டு நிறுத்தால் அடர்த்தி தெரியும். என்ன உலோகம் எண்டு நானே கணிச்சுத் தாறன்" என்றேன். பச்சைப் பிள்ளையைக் கிணற்றில் போடச் சொன்னது போல என்னைப் பார்த்தார். அதன் பிறகு காசுப் பெட்டியை என் கைக்கு எட்டாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளை நம்பாமல் ஒரு பத்துச் சதத்தை ஒளித்து வைக்கிற மனிதனை என்ன செய்வது?

ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்கவும் ஆசையாக இருந்தது. கந்தோரில் முப்பது வருடமாக மற்றவர்களின் பொதிகளுக்குக் கடதாசி நிரப்பியவர் அவர். இப்போது காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சவரம் செய்தார். இங்கிலாந்தில் காசு சேகரிப்பவர்கள் நடத்தும் சஞ்சிகை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தொடங்கினார். ஒன்பது பக்கம். கமா சரியா, முற்றுப்புள்ளி சரியா என்று ஒவ்வொரு பின்னேரமும் என்னிடம் காட்டுவார். தன் பெயரை முதல் பக்கத்தில் போடுவதா கடைசிப் பக்கத்தில் போடுவதா என்று மட்டும் இரண்டு நாள் யோசித்தார்.

அதற்குள் நவராத்திரி வந்தது.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் அவரவர் தொழில் சாமான்களைச் சாமிக்கு முன்னால் வைப்போம். என் பக்கத்தில் பாடப் புத்தகமும் கவராயமும் இருக்கும். அவர் பக்கத்தில் பேனா, காசுப் புத்தகங்கள், பூதக்கண்ணாடி. அந்த வருடம் அவருக்கு இன்னொரு ஆசை. பூசைக்கு முதல் நாள் பின்னேரம் நான் சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று ஏதோ கேட்டார். ஓம் ஓம் என்றேன். வெள்ளைப் பத்துச் சதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு வெற்றிலையில் வைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்பது மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று காலை அவர் பூ வாங்கப் போயிருந்தார். நான் குத்துவிளக்கு, பஞ்சாலத்தி, மணி, கும்பச் செம்பு எல்லாவற்றையும் குசினித் தொட்டிக்குள் போட்டு, பழப்புளியும், செங்கல்லை இடித்த செங்கட்டித் தூளும் வைத்துத் தேய்க்கத் தொடங்கினேன். எங்கள் அம்மா வீட்டிலும் சரி, என் வீட்டிலும் சரி, சரஸ்வதி பூசைக்கு முன்னால் வீட்டிலுள்ள உலோகமெல்லாம் கண் கூசப் பளபளக்கவேண்டும். கடைசியாகத் தாம்பாளத்தை எடுக்கப் போனேன். பூதக்கண்ணாடியை ஒதுக்கி வைத்தேன். வெற்றிலையில் அந்தக் காசு.

விளக்குகளோடு சேர்ந்து தொட்டிக்குள் வந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை என்றுதான் அன்று இவரிடம் சொன்னேன். அது பொய். நான் கவனித்தேன். அது என்ன காசு என்று எனக்கு நன்றாகத் தெரியும். கழுவக்கூடாது என்றும் தெரியும். ஆனால் சுற்றிவர எல்லாம் மினுங்கிக்கொண்டு இருக்க, சரஸ்வதிக்கு முன்னால் சாம்பல் பிடித்த இந்த ஒன்று மட்டும் அழுக்காக இருக்கப் போகிறதே என்று கை துறுதுறுத்தது. அலுமாரி மேல்தட்டுக் கோபமும் கொஞ்சம் சேர்ந்தது. ஒரே ஒரு தரம் தேய்த்தால் என்ன, வெள்ளி போல மின்னினால் இவரே சந்தோஷப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புளியையும் செங்கட்டித் தூளையும் தேங்காய்த் தும்பில் தொட்டு, அரசர் முகத்தில் அழுத்தித் தேய்த்தேன். இன்னும் கொஞ்சம். தண்ணீரை விட்டு அலசினேன்.

அரசர் மஞ்சளாக இருந்தார்.

முதலில் விளங்கவில்லை. மூக்கும் நெற்றியும் தலைமயிரும் நல்ல பித்தளை மஞ்சள். பள்ளமான இடங்களில் மட்டும் வெள்ளை ஒட்டிக்கொண்டு இருந்தது. திருப்பிப் பார்த்தேன். மதிப்பு எழுதிய மறுபக்கம் பழைய வெள்ளையாகவே இருந்தது. தொட்டிக்கு முன்னால் நின்றபடியே, இது எங்கள் காசு இல்லையே, எங்கள் காசு இல்லையே என்று இரண்டு தரம் வாய்விட்டுச் சொன்னேன்.

பூவோடு வந்தவரிடம் காசைக் காட்டினேன். விளக்குகளோடு கலந்துவிட்டது என்ற பொய்யையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கணக்கை அங்கேயே முடித்திருப்பேன். பூவை மேசையில் வைத்துவிட்டு, "நான் தானே தாம்பாளத்தில வைச்சனான்" என்று மட்டும் சொன்னார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு யன்னலடியில் போய் உட்கார்ந்தார். நான் பூசைக்கான வேலைகளைச் செய்தேன். கடலையை அவித்தேன். தேங்காய்ச் சொட்டுப் போட மறந்துபோனேன்.

அரை மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார்.

"இஞ்ச வாரும். இந்த விளிம்பைப் பாரும். வெள்ளை மேலால கிடக்கு, மஞ்சள் கீழால கிடக்கு. இது வேற உலோகம் இல்லை. சாதாரணப் பத்துச் சதத்துக்கு ஆரோ ஈயம் பூசியிருக்கிறாங்கள்."

"ஈயமோ?"

"பித்தளைச் சட்டிக்கு உள்ளுக்குப் பூசுறது. அந்தப் பூச்சின்ரை பாரம்தான் அந்த மயிரிழை. ஆரையோ ஏமாத்திப் பேய்க்காட்டுறதுக்குச் செய்திருக்கிறாங்கள். வெள்ளி எண்டு மாத்தியிருப்பாங்கள்." கண்ணாடியைக் கீழே வைத்தார். "பேய்க்காட்டுப்பட்டது நான்."

ஒன்பது பக்கக் கட்டுரையை மடித்து, பழைய பேப்பர்க் கட்டுக்கு அடியில் செருகினார். கிழித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மாதிரிக் காசு இல்லாமல் போனதற்கு நான் காரணமில்லை, அது முதலிலேயே மாதிரிக் காசு இல்லை. இது எனக்கு விளங்கியது. ஆனாலும் அந்த மனிதரின் காலைப் பாட்டை நான்தான் செங்கட்டித் தூள் போட்டுத் தேய்த்து அழித்தேன் என்றே தோன்றியது. அதைவிடப் பெரிய கவலை அடுத்த சனிக்கிழமை இருந்தது. போகிறது போலவே திரும்பி வரவேண்டும் என்று சொல்லித் தந்த பொருளை ஒரு பக்கம் மஞ்சளாக எப்படிக் கொடுப்பது? கொடுக்கும்போது, நீங்கள் பத்திரமாக வைத்திருந்தது யாரோ ஒரு கள்ளன் செய்த வேலை என்று வேறு சொல்லவேண்டும். பதினைந்து வருடச் சிநேகம். நானா முகத்தில் முழிக்க இவருக்குத் தைரியம் இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"நானும் வாறன்" என்றேன்.

"நீர் ஏன்?"

"தேய்ச்சது நான்."

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய கந்தோர் வாசலில் சந்தித்து, கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினோம். வழியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி என் கைப்பையைக் கிளறி, காசுப் பெட்டியை எடுத்து, சந்தேகத்தோடு பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள்.

"மேக்க மொகத?"

இது என்ன என்கிறாள். "பரண சல்லியக்" என்றேன், பழைய காசு என்று. இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் வெள்ளை, இது எப்படி என்று சிங்களத்தில் கேட்டாள். நான் கழுவினேன் என்றேன். என் மகளின் வயதுதான் இருக்கும். சிரித்துவிட்டு, மற்றப் பக்கத்தையும் கழுவுங்கள் அம்மா என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பித் தந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கு வந்தது. நவராத்திரிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அதைக் கண்டு எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

நானா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்க தங்கச்சி, என்ன புதினம், நீங்களும் வந்தீக்கிற" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். இவர் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு விசயத்தைச் சொன்னார். நானா காசைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"எனக்கெண்டா ஒண்டுமில்ல தம்பி. பத்துச் சதம்தானே" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார். "ராத்தாக்குத்தான் என்ன செல்ற எண்டு தெரியல்ல. ஒவ்வொரு நாளும் கேக்குறா. வந்திச்சா, வந்திச்சா எண்டு."

மூவரும் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனோம். ராத்தாவை நான் அதற்கு முன் பெருநாள்களில் இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன். அறுபதை நெருங்கியவர், மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தார். தையல் மிசினுக்கு முன்னால் இருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து, முதல் வேலையாகக் கையை நீட்டினார். வாங்கோ என்று சொல்லக்கூட நேரம் எடுக்கவில்லை. இவர் பெட்டியைக் கொடுக்க, நான் முந்திக்கொண்டேன்.

"ராத்தா, அதை நான்தான் கழுவினனான். கைதவறிக் கழுவேல்லை. இவருக்கு அப்பிடித்தான் சொன்னனான், அது பொய். தெரிஞ்சுதான் தேய்ச்சனான். அழுக்கா இருக்கெண்டு நினைச்சன்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ராத்தா பெட்டியைத் திறந்தார். காசை உள்ளங்கையில் போட்டு யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"இது மஞ்சளா?" என்றார்.

"உள்ளுக்கு மஞ்சள்தான், ராத்தா" என்றார் இவர். "மேலால ஈயம் பூசியிருக்கு. ஆரோ உங்களுக்கு வெள்ளி எண்டு சொல்லி…"

"இத எனக்கு வாப்பா தந்த" என்றார் ராத்தா.

வாப்பா என்றால் அவர்களுடைய தகப்பனார். இவருடைய காது சிவந்துபோனது. ராத்தா எங்களைப் பார்க்காமல், காசைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். அவர்கள் பேச்சில் 'இருந்தோம்' என்பது 'ஈந்த' ஆகும், 'சொன்னார்' என்பது 'செல்லின' ஆகும்.

"ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டதுக்குப் பொறகு, வாப்பா எங்களையெல்லாம் பேருவளைக்கு அனுப்பின. உம்மாட ஊரு. யுத்தம் முடியிற வரைக்கும் அங்கதான் ஈந்த. இவன் அப்ப பொறக்கவே இல்ல." தம்பியைக் காட்டினார். "வாப்பா மட்டும் இங்க. பெருநாளைக்கு வருவாரு. ஆளுக்குப் பத்துச் சதம் தருவாரு. வெள்ளிக் காசு, சுத்த வெள்ளையா ஈக்கும். ஒரு வருசம் இந்தக் காசக் கொண்டாந்த. மஞ்சளா, ஓரமெல்லாம் வளஞ்சு வளஞ்சு. எனக்கு ஆறு வயசு. இது காசு இல்ல, பித்தள, எனக்கு வாணாம் எண்டு வாசல் முத்தத்துல எறிஞ்சிட்டேன். பெருநாள் அண்டைக்கு."

"வாப்பா அடிச்சாரா?" என்றார் நானா.

"அடிக்கல்ல. ஒண்டும் செல்லல்ல. மண்ணுலேந்து பொறுக்கி எடுத்து, தொடச்சு, பையில போட்டுட்டு கொழும்புக்குப் போன. அடுத்த கிழம திரும்பவும் வந்த. அப்பிடி அவர் வாறதே இல்ல, ரெயிலுக்குக் காசு வாணாமா? வந்து, இத என்ட கையில தந்த. வெள்ளையா. பளபளண்டு. 'மகளுக்கு மஞ்சள் புடிக்கல்ல எண்டு ராஜாக்குக் காயிதம் போட்டேன், ஒனக்கு மட்டும் ஒண்டு வெள்ளையா அடிச்சு அனுப்பீக்காரு' எண்டு செல்லின."

இவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். ராத்தா காசைப் புரட்டினார். மஞ்சள், வெள்ளை, மறுபடியும் மஞ்சள்.

"பெரிசான பொறகு, ராஜா அடிச்சு அனுப்பல்ல எண்டு வெளங்கிச்சு. ஆனா இப்பிடி வெள்ளையிலயும் கொஞ்சம் அடிச்சீப்பாங்க, வாப்பா எங்கயோ தேடி எடுத்து மாத்தீப்பாரு எண்டு நெனச்சிட்டு ஈந்தேன். நீங்களும் அப்பிடித்தான் செல்றீங்க எண்டு இவன் வந்து செல்லின. எனக்கு எவ்வளவு சந்தோசம்."

"வாப்பா ஆரிட்ட ஈயம் பூசி எடுத்தீப்பாரு?" என்று நானா கேட்டார். அவருக்குத் தெரிந்த வாப்பா, கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி மட்டும்தான்.

ராத்தா தம்பியை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கணத்தில்தான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது.

"யுத்தத்துக்குள்ள வாப்பா பட்டாளத்து முகாம்ல சட்டி பானைக்கு ஈயம் பூசப் போன எண்டு உம்மா ஒருக்கா செல்லீக்கா" என்றார். "நாங்க கண்டதில்ல. கட போட்ட பொறகு அவர் அதப் பத்தி வாயே தொறக்கல்ல."

பிறகு அவர் சிரித்தார். தோள் குலுங்க, தலைப்பு நழுவ, ஒரு சின்னப் பெண் சிரிப்பது போலச் சிரித்தார். "கள்ள வாப்பா! அம்பது வருசமா என்ன ஏமாத்தீக்காரு!" என்றவர், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழத் தொடங்கிவிட்டார். நானா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் பூதக்கண்ணாடி இல்லாமலே தன் உள்ளங்கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோ ஒரு கள்ளன் என்று நாங்கள் நினைத்த மனிதர், ஒரு நாள் முழுக்கப் பட்டாளத்துச் சட்டிகளோடு நெருப்புக்கு முன்னால் இருந்துவிட்டு, கடைசியில் இந்த ஒரு பத்துச் சதத்தைக் குறட்டில் பிடித்திருக்கிறார். நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்தது அந்தத் தகப்பனின் கைவேலையை.

அழுதுகொண்டே ராத்தாவின் காலடியில் உட்கார்ந்தேன். "கிராண்ட்பாசில ஈயம் பூசுற ஆக்கள் இன்னும் இருக்கினம், ராத்தா. நான் கொண்டுபோய் முந்தி மாதிரியே பூசுவிச்சுத் தாறன்" என்றேன்.

"வாணாம்" என்றார். "வேற ஆள்ட கை அதுல படவாணாம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் தோளைப் பிடித்து எழுப்பித் தன் பக்கத்தில் கட்டிலில் இருத்தினார்.

"நீங்க தேய்க்காட்டி, இது தெரியாமலே நான் மௌத்தாகி மண்ணுக்குப் போயீப்பேன், தங்கச்சி" என்று சொல்லி, ஆறு வயதில் வேண்டாம் என்று எறிந்த அந்த மஞ்சளைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.